கோள்சொல்லிக் கண்ணாடி

ராம்ஸ்கோட் மாளிகையின் தெற்குச் சுவரில் விரிசல் இருப்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கீழ்த்தளத்தின் ஏழு ஜன்னல்களில் நான்காவது ஜன்னலின் மேல்மூலையில் அது தொடங்கும். மாடிப்படிகளை ஒட்டியே மேலேறிக் கூரைக்கு ஒரு முழம் கீழே நின்றுவிடும். அந்தப் படிகளுக்குத் தூண் கிடையாது. ஒவ்வொரு கற்படியும் ஒரு நுனியைச் சுவருக்குள் புதைத்துக்கொண்டு, கீழே உள்ள படியின் தோளில் சாய்ந்து, மறுநுனியை வெறுங்காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும். சுவர் நகர்ந்தால் படி விழும். படி விழுந்தால் தெற்குப் பகுதியில் யாரும் குடியிருக்க முடியாது.

குடியிருந்தவர் திருமதி மெல்லிஷ். அறுபத்தெட்டு வயது, கணவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கணவரின் உயில்படி வீடு அவருடைய தங்கை மகன் லயனலுக்குச் சேரும். தெற்குப் பகுதியில் ஆயுள் முழுதும் வசிக்கும் உரிமை மனைவிக்கு. அந்தப் பகுதி ஆபத்தானது என்று கட்டட நிபுணர் ஒருவர் எழுதிக் கையொப்பமிட்டால் மட்டும் லயனல் அதை இடிக்கலாம். அத்தை வாயிலருகே உள்ள காவல்குடிலுக்குப் போய்விட வேண்டும். இரண்டே அறைகள், இரண்டுமே வெயில் எட்டிப்பார்க்காத வடக்கு நோக்கியவை.

1954ஆம் ஆண்டு ஆகஸ்டில் லயனல் ஒரு நிபுணரை லண்டனிலிருந்து அழைத்துவந்தார். ஓட்வே என்பது அவர் பெயர். விரிசலின் குறுக்கே கீழிருந்து மேலாக ஐந்து மெல்லிய கண்ணாடிச் சில்லுகளை வைத்து, இருமுனைகளிலும் சாந்து பூசி ஒட்டச் செய்தார். கொத்தனார்கள் அதைக் கோள்சொல்லி என்பார்கள். சுவர் மயிரளவு அசைந்தாலும் கண்ணாடி தெறித்துச் சுவரின் இரகசியத்தை வெளியே சொல்லிவிடும். செப்டம்பர் இருபத்தொன்பது, மிக்கேல் திருநாளன்று, ஓட்வே திரும்பி வந்து தீர்ப்புச் சொல்வதாக ஏற்பாடு.

அதுவரை சனிக்கிழமைதோறும் கண்ணாடிகளைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுத இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஆள் நான். முப்பத்தாறு ஆண்டுகள் ஊர்ப்பள்ளியில் வருகைப் பதிவேடு எழுதியவன். வந்தவனை வந்தான் என்றும் வராதவனை வரவில்லை என்றும் எழுதுவான் என்ற ஒரே தகுதிக்காக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

முதல் சனிக்கிழமை போனபோது திருமதி மெல்லிஷ் என் தொப்பியைக்கூடக் கழற்ற விடவில்லை.

“பாத்தீங்களா மாஸ்டர்? திங்கக்கிழமை ஒட்டினாங்க. செவ்வாய்க்கிழமை காலையில கீழ இருக்கிற ரெண்டும் போச்சு. திங்கக்கிழமை ராத்திரி லயனல் எங்க தங்கினான் தெரியுமா? நம்ம ஊர் விடுதியில! கடைசி ரயிலைத் தவற விட்டுட்டானாம்.”

“ரயில் தவறிப் போறது எல்லாருக்கும் நடக்கிறதுதானே மேடம்.”

“எல்லாருக்கும் நடக்கும். லயனலுக்கு நடக்காது. அஞ்சு வயசிலேயே கடிகாரத்தைப் பாத்துக் கேக்குக்கு வந்து நிப்பான்.”

கீழிருந்த இரண்டு கண்ணாடிகளும் நடுவில் உடைந்திருந்தன. மேலே இருந்த மூன்றும் முழுதாக இருந்தன. நான் பேனாவைத் திறந்தேன்.

“எழுதப்போறீங்களா?” என்றார். குரல் சட்டென்று இறங்கிவிட்டது. “யாரோ வேணும்னே உடைச்சதை, சுவர் அசைஞ்சதுன்னு எழுதினா அது பொய் இல்லையா?”

“உடைஞ்சிருக்குன்னு மட்டும் எழுதறேன். யாரால, எதாலன்னு எழுதலை.”

“அந்த ஓட்வேக்கு அது போதுமே” என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எழுதினேன். தேநீர் தாமதமாகவும் ஆறியும் வந்தது.

கண்ணாடியை மாற்ற வருபவர் ஏமஸ் டெபட். எங்கள் ஊரின் கொத்தனார். எழுபதை நெருங்கியவர்; மாதா கோயில் கோபுரத்திலும் ராம்ஸ்கோட் கூரையிலும் அவர் கை படாத கல் குறைவு. அவர் மாற்றுவார்; மறுநாள் காலை கீழ்க் கண்ணாடிகள் உடைந்திருக்கும். மறுபடி மாற்றுவார், மறுபடி உடையும். செப்டம்பர் நடுவிற்குள் என் குறிப்பேட்டில் நான்கு பதிவுகள் ஏறிவிட்டன.

திருமதி மெல்லிஷின் சந்தேகமும் படிப்படியாக ஏறியது. லயனலோடு நிற்கவில்லை. ஒருநாள் டெபட் ஏணிமேல் நின்று சாந்து பூசிக்கொண்டிருக்கும்போதே, அவர் காதில் விழும்படி என்னிடம் சொன்னார்:

“இந்தப் பகுதியை இடிச்சா இவ்வளவு கல்லும் யாருக்குப் போகும்? யோசிச்சுப் பாத்தீங்களா மாஸ்டர்?”

ஏணிமேலிருந்து பதில் வந்தது. “எனக்குத்தாம்மா போகும். ஆனா தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி என் முதுகை ஒரு வார்த்தை கேக்கணும். அது போன வருஷமே முடியாதுன்னு சொல்லிட்டது.”

“எப்பவும் வாய்க்குக் குறைச்சல் இல்லை டெபட்.”

“வாய்க்கு எலும்பு தேயாதே அம்மா.”

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது நான்காவது ஜன்னலின் முன்னால் தரை வெள்ளையாக இருந்தது. முந்திய மாலை திருமதி மெல்லிஷ் ஒரு சல்லடை கோதுமை மாவை அங்கே தூவிவைத்திருந்தார். காலையில் கண்ணாடி உடைந்திருந்தது. மாவில் காலடித்தடங்களும் இருந்தன. சிறிய தடங்கள், குதிகால் பக்கம் தேய்ந்த வீட்டுச் செருப்பின் தடங்கள்.

“இது உங்க செருப்புத் தடம் மாதிரி இருக்கே மேடம்” என்றேன்.

“மாதிரி என்ன, என் செருப்பேதான்! காலையில நான் வந்து பார்த்ததுல கொஞ்சம். மீதி? என் செருப்பையே எடுத்து மாட்டிக்கிட்டு வந்திருக்கான். எவ்வளவு தந்திரம் பாருங்க!”

டெபட் தாடையைச் சொறிந்தார். “லயனல் ஐயா கால் படகு மாதிரி இருக்கும் அம்மா. உங்க செருப்புல அவர் கட்டைவிரல்தான் நுழையும்.”

“நுனிக்காலால நடந்திருப்பான்.”

அவரைத் தேற்ற எண்ணி, பள்ளியில் சொல்லிப் பழகிய பழக்கத்தில் ஒரு கதை சொன்னேன். புகைபோக்கிக்குள் கூடு கட்டியிருந்த ஒரு சிறு காக்கைக்குப் பூனையின் பயம். பூனையின் கை எட்டாதிருக்க ஒரு குச்சி வைத்தது. மறுநாள் இன்னொரு குச்சி. பூனை வரவே இல்லை. குச்சிகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. ஒருநாள் பாரம் தாங்காமல் கூடு அடியிலிருந்த கணப்புக்குள் விழுந்தது.

கதை முடிந்ததும் திருமதி மெல்லிஷ் கேட்டார்: “பூனை எங்க போச்சு?”

“கதையில பூனை வரவே இல்லை மேடம்.”

“அதான் கேக்கறேன். அது வேற எங்கயோ நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கும். உங்க காக்கை புத்திசாலி மாஸ்டர். கணப்பைக் கட்டினவன்தான் சரியில்லை.”

என் வகுப்பில் எந்த மாணவனும் என்னை இவ்வளவு சுருக்கமாக வாயடைத்ததில்லை.

உண்மையைச் சொன்னால் அதற்குள் என் மனமும் கெட்டிருந்தது. அன்று தோட்டத்து வழியாகத் திரும்பியபோது நான்காவது ஜன்னலுக்கு நேர் கீழே, ரோஜாப் பாத்தியின் ஈரமண்ணில் ஒரு பெரிய காலடியையும், அருகே பாதி புகைத்து மிதித்த சிகரெட் ஒன்றையும் பார்த்தேன். தங்க நிற முனை வைத்த சிகரெட். எங்கள் ஊரில் அதைப் புகைப்பவர் எவருமில்லை. லயனல் மட்டும் வெள்ளிப் பெட்டியில் வைத்திருப்பார். அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து லயனல் என்னைப் பார்த்துப் புன்னகைத்தால், அந்தப் புன்னகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.

மிக்கேல் திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை. திருமதி மெல்லிஷ் என்னையும் டெபட்டையும் பிற்பகலிலேயே வரச் சொல்லியிருந்தார். அன்று காலை டெபட் கடைசியாக இரண்டு கண்ணாடிகளைப் புதிதாக ஒட்டியிருந்தார். சாந்து கல்லாக இறுகியிருந்தது.

“புதன்கிழமை அந்த ஓட்வே வர்றார். அதுவரைக்கும் நாம மாத்தி மாத்தி இங்க உட்காருவோம். இன்னைக்கு என்கூட நீங்க ரெண்டு பேரும் சாட்சி” என்றார் திருமதி மெல்லிஷ்.

டெபட்டுக்கு அதில் மனமில்லை. அவர் உடைந்த பழைய சில்லுகளைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். மேசைமேல் பரப்பினார்.

“வாத்தியாரே, இதைப் பாருங்க. சுத்தியால அடிச்சிருந்தா நட்சத்திரம் மாதிரி சிதறியிருக்கும். இது நேர்க்கோடா வெடிச்சிருக்கு. அப்படின்னா சுவர்தான் இழுத்திருக்கு.”

திருமதி மெல்லிஷின் முகம் வெளுத்தது. “அப்போ சுவர் சரியுதுன்னு சொல்றீங்களா?”

“அங்கதான் அம்மா எனக்குத் தூக்கம் வரலை. ஒவ்வொரு தடவையும் காலையில பார்க்கிறப்ப ரெண்டு துண்டும் முட்டிக்கிட்டு நிக்குது. நடுவுல இடைவெளியே இல்லை. சரியற சுவர் போனா போனதுதான், திரும்பி வந்து நிக்காது. இது வாய் மாதிரி திறந்து மூடுது. அதோட, சரியற சுவர்னா விரிசல் மேலதான் அதிகமா பிளக்கும். மேல இருக்கிற மூணு கண்ணாடியும் தூசிகூடத் தட்டாம இருக்கு. விரிசலுக்கு உள்ள எங்க தாத்தா காலத்துச் சுண்ணாம்பு அப்படியே இருக்கு. இது கிழட்டு விரிசல். அதுபாட்டுக்குத் தூங்கிக்கிட்டு இருந்தது. யாரோ தினமும் எழுப்புறாங்க.”

“யாரோ இல்லை. லயனல்.”

“சுவரைத் தள்ளி மறுபடி இழுத்து வைக்க அவர் யானை வளர்க்கணும் அம்மா.”

வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. புல்வெளியின் ஓரத்து மரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டது. திருமதி மெல்லிஷ் எழுந்தார். “பேசிக்கிட்டே இருந்தா உள்ள நுழைஞ்சிடுவான்” என்று சொல்லி ஜன்னலருகே போனார். சுவருக்குள் மடிந்திருந்த மரக்கதவுப் பலகைகளை இருபுறமிருந்தும் இழுத்துச் சாத்தினார். மூலையில் சாத்தியிருந்த ஓர் இரும்புக் கம்பியை எடுத்தார். ஆள்நீளக் கம்பி, ஜன்னலின் இருபுறக் கல்லிலும் அதற்கென்று குடைந்த பொந்துகள் உண்டு. இடது முனையைப் பொந்தில் நுழைத்தார். வலது முனை உள்ளே இறங்காமல் சாய்வாக நின்றது. அவர் தீ கிளறும் கணப்புக் கோலை எடுத்து, அதன் பித்தளைக் குமிழால் கம்பியின் தலையில் இரண்டு முறை ஓங்கித் தட்டினார். கம்பி முனகிக்கொண்டு உள்ளே இறங்கியது.

‘டிக்’ என்று ஒரு சத்தம்.

மெல்லிய சத்தம்தான். மூவரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தோம். சற்றுப் பொறுத்து இன்னொரு ‘டிக்’.

டெபட் போய்க் கீழ்க் கண்ணாடியைத் தொட்டார். வெடித்திருந்தது. நடுவில் அவருடைய கட்டைவிரல் நகம் பதியும் அளவுக்கு இடைவெளி இருந்தது. அவர் ஜன்னலுக்கு வந்து, கம்பியைக் கீழிருந்து முட்டித் தூக்கி வெளியே எடுத்தார். திரும்பிப் போய் மறுபடி நகத்தை வைத்தார்.

“மூடிக்கிட்டது” என்றார்.

டெபட் கம்பியை மடியில் வைத்துத் துருவைக் கட்டைவிரலால் தேய்த்தார். முனையில் வரிசையாக வெட்டுக்குறிகள் தெரிந்தன. எண்ணினார். ஆறு.

“இது ஆறாவது ஜன்னல் கம்பி அம்மா. கொல்லன் ஒவ்வொண்ணுக்கும் குறி போட்டிருக்கான். வெளியிலேர்ந்து பார்த்தா ஏழு ஜன்னலும் ஒரே மாதிரி. உள்ள வந்தா ஒண்ணுகூட ஒண்ணு மாதிரி இல்லை. இதைவிட ஆறாவது ரெண்டு விரக்கடை அகலம். எங்கேர்ந்து எடுத்தீங்க?”

“பாதாள அறையில கட்டுக்கட்டா கிடந்தது. போர்க்காலத்துல பட்டாளத்துக்காரங்க கழற்றிப் போட்டது” என்றார் திருமதி மெல்லிஷ். “கையில கிடைச்சதை எடுத்தேன். துருப்பிடிச்சு இறுகிப்போச்சுன்னு நினைச்சேன்.”

“எந்தக் கம்பி எந்த ஜன்னலுக்குன்னு…”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் இந்த வீட்டுக்கு வந்ததிலேர்ந்து சாயங்காலம் ஜன்னல் சாத்தினது வேலைக்காரன் பிரிக். முப்பது வருஷத்துல அந்தக் கம்பியை நான் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.”

“எப்பலேர்ந்து தொட ஆரம்பிச்சீங்க மேடம்?” என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “கண்ணாடி ஒட்டின அன்னைக்குச் சாயங்காலம். அவன் இங்கயே தங்கிட்டான்னு கேள்விப்பட்டதும். ராத்திரி போடுவேன், விடிஞ்சதும் கழற்றிடுவேன்.”

கணப்பில் விறகு ஒன்று சரிந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “காக்கைக் கதையை இப்ப சொல்லாதீங்க மாஸ்டர்.”

நான் சொல்லவில்லை.

ஆனால் தொல்லை தீரவில்லை. குறிப்பேட்டில் உடைவுகளின் தேதிகள் என் கையெழுத்தில் இருந்தன. காரணம் சொல்லாவிட்டால் ஓட்வே அவற்றைப் படித்துவிட்டுக் கையொப்பமிடுவார், காவல்குடில்தான். காரணம் சொன்னாலோ, லயனலைத் திருடன் என்று எண்ணிக் கம்பி போட்டதை லயனலின் முன்னாலேயே சொல்ல வேண்டும். திருமதி மெல்லிஷ் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாக ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை.

“நீங்க சொல்லிடுங்களேன் மாஸ்டர்” என்றார்.

“யாரால, எதாலன்னு எழுதற வேலை எனக்கு இல்லைன்னு முன்னாடியே சொல்லியிருக்கேன் மேடம்.”

புதன்கிழமை காலை ஓட்வே வந்தார். லயனலும் கூட வந்தார். ஓட்வே குறிப்பேட்டை நின்றபடியே படித்தார். பக்கத்தைத் திருப்பும்போது உதட்டைப் பிதுக்கினார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். திருமதி மெல்லிஷ் என்னைப் பார்த்தார், டெபட்டைப் பார்த்தார், இருவரும் தரையைப் பார்த்தோம்.

“பேனாவை மூடுங்க மிஸ்டர் ஓட்வே” என்றார் அவர். “அதை உடைச்சது சுவர் இல்லை. நான்.”

சாய்வான முனை, கணப்புக் கோலின் தட்டல், ஆறு வெட்டுக்குறி எல்லாவற்றையும் நிமிர்ந்து நின்று சொன்னார். ஓட்வே நம்பவில்லை, டெபட் கம்பியை இறக்கியும் தூக்கியும் காட்டினார். ஓட்வே தன் நகத்தை விரிசலில் வைத்து, திறந்து மூடுவதை மூன்று முறை பார்த்தார்.

லயனல் மட்டும் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “என்னைத் தடுக்கவா அத்தை?”

“வேற யாரை? இந்த வீடு இடிஞ்சா யாருக்கு லாபம்?”

“எனக்குத்தான். கூரை ஒழுகலுக்குப் பதில் சொல்லியே எனக்கு நரை வந்துடுச்சு. இடிக்கணும்னு நினைச்சேன், இல்லைன்னு சொல்லலை. ஆனா கண்ணாடியை உடைக்கணும்னு…” அவர் முடிக்கவில்லை.

அப்போது என் கை என்னையறியாமல் சட்டைப்பைக்குப் போனது. அந்தச் சிகரெட் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். லயனல் அதைப் பார்த்ததும் முகம் சிவந்தார்.

“ஆமா, என்னுதுதான். ரெண்டு வாரம் முன்னாடி ஒருநாள் சாயங்காலம் வந்தேன். ஓட்வே வர்றதுக்கு முன்னாடி உங்ககிட்டப் பேசிடலாம்னு. அந்தக் குடில்ல உங்களால இருக்க முடியுமான்னு கேக்கலாம்னு. ஜன்னல் வரைக்கும் வந்துட்டேன். தட்டலாமா வேண்டாமான்னு பாதி சிகரெட் வரைக்கும் நின்னேன். உள்ள பலகை சாத்தி, டங் டங்னு ஏதோ தட்டுற சத்தம் கேட்டது. கோபமா இருக்கீங்கன்னு போயிட்டேன்.”

திருமதி மெல்லிஷ் கையிலிருந்த கைத்தடியை ஒரு முறை தரையில் ஊன்றினார்.

“தப்பு என்னோடது லயனல். மன்னிச்சிடு.”

“பரவாயில்லை அத்தை.” பிறகு, பேச்சை இலேசாக்க நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே சொன்னார்: “நான் உள்ள வரணும்னா உங்க கம்பி போதாது. அந்த ஜன்னல் கொக்கி சரியா விழாது. பத்து வயசுல அது வழியாத்தான் ஆப்பிள் திருடப் போயிட்டுத் திரும்பி வருவேன்.”

“அப்போ கம்பி போட்டது சரிதான்!” என்றார் திருமதி மெல்லிஷ்.

ஓட்வே பேனாவை மூடினார். புதிதாக ஐந்து கண்ணாடிகள். மார்ச் இருபத்தைந்து, மாதா திருநாள் வரை தவணை. அதுவரை ஒன்றும் உடையாவிட்டால் அந்தப் பகுதி நிற்கலாம் என்று எழுதினார்.

அன்று பிற்பகலே டெபட் பாதாள அறையில் கிடந்த கம்பிகளை வெளியே போட்டுக் குறிகளை எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு வெட்டுகள் உள்ளவை கிடைத்தன. நான்கு வெட்டுள்ளது மட்டும் இல்லை. பட்டாளத்தோடு போயிருக்க வேண்டும். புதிதாக ஒன்று அடித்துத் தருவதாகக் கொல்லன் சொன்னான். டெபட் கூடாது என்றார். கிழட்டு விரிசலை மறுபடி எழுப்ப வேண்டாம் என்றார். ஆகவே ராம்ஸ்கோட் மாளிகையில் ஆறு ஜன்னல்களுக்குக் கம்பி உண்டு. நான்காவதற்கு மட்டும் இல்லை. கொக்கி விழாத ஜன்னலும் அதுவேதான். சுவர் நிற்க வேண்டுமானால் அது அப்படியே கிடக்க வேண்டும்.

திருமதி மெல்லிஷ் இரண்டு நாள் யோசித்தார். பிறகு உணவு மேசையிலிருந்த பித்தளைக் கைமணியை எடுத்து வந்து, அந்த ஜன்னலின் உட்திண்டில், திறந்தால் உருண்டு விழும்படி வைத்தார்.

குளிர்காலம் முழுதும் நான் சனிக்கிழமைதோறும் போனேன். ஐந்து கண்ணாடிகளும் முழுதாக இருந்தன. ஒவ்வொரு முறையும் வந்தான், வந்தான், வந்தான் என்று பதிவேடு எழுதுவதுபோல எழுதினேன். மணியும் இடம் மாறவில்லை.

மாதா திருநாளன்று ஓட்வே முன்னதாகவே வந்து பார்த்துவிட்டுக் கையொப்பமிட்டார். லயனல் மழையில் நனைந்து தாமதமாக வந்தார். மார்ச் மாத ஈரத்தில் முன்கதவு உப்பிக்கொண்டு அசையவில்லை. நாங்கள் உள்ளிருந்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்காவது ஜன்னலில் யாரோ தட்டினார்கள்.

“யாரு?” என்றார் திருமதி மெல்லிஷ்.

“ஆப்பிள் திருடன்” என்றது வெளியிலிருந்து ஒரு குரல்.

அவர் போய் மணியைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்தார். லயனல் நீண்ட கால்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டு இறங்கினார். படகு போன்ற இரண்டு ஈரத்தடங்கள் தரையில் பதிந்தன. திருமதி மெல்லிஷ் அவற்றைக் கூர்ந்து பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். மருமகனுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தார். கணப்பருகே நாற்காலி போட்டார்.

பிறகு ஜன்னலைச் சாத்தி, மணியை மறுபடி அதே இடத்தில் வைத்தார்.